தனித்தொழிலும் அற்றோணித் தத்துவமும்

வாணிகன் ஒருவன் நோய்வாய்ப்பட்டுக் கிடக்குங்கால் அவன் கடையைத் திறந்து நடத்துதற்கு மகனோ மைத்துனனோ கணக்குப்பிள்ளையோ முன்வருதல் உலக வழக்கு. சரக்குக் கண்ணுக்குப் புலனாவது. பெட்டகத்தின் திறவுகோல் கைக்கு எட்டுவது. கொடுக்கல் வாங்கல் பேரேட்டில் வரையப்பட்டிருப்பது. ஆதலின் முதலாளி படுக்கையிலிருந்து கூறும் ஒரு சொல்லே சில கிழமைகளுக்குப் போதியதாகும். இவ்வமைதிக்கு அடங்காத தொழில்கள் சில இந்நூற்றாண்டிற் பெருகியுள்ளன. அவற்றுள் ஒன்று, எவரிடமும் ஊழியம் புரியாது ஒருவர் தாமே தனித்து நடத்தும் இணையத்தள வடிவமைப்பு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வீட்டின் ஓர் அறையில் அமர்ந்து, ஒரு கணினியும் ஒரு கைத்தொலைபேசியுமே மூலதனமாக, கொழும்பிலுள்ள விடுதிக்கும் இலண்டனிலுள்ள புடைவைக் கடைக்கும் றொரன்ரோவிலுள்ள கணக்காளருக்கும் தளம் அமைத்துக் கொடுப்போர் உளர். அவர்தம் கடை, சரக்கு, திறவுகோல், பேரேடு ஆகிய நான்கும் பெரும்பாலும் அவர் உள்ளத்திலேயே அடங்கிக் கிடக்கின்றன.

அத்தகைய ஒருவர் வீதி விபத்தில் அடிபட்டு ஆறு கிழமை வைத்தியசாலையிற் கிடக்கின்றார் எனக் கொள்க. தளம் ஒன்றின் பெயர் நிலம்போல் ஒருமுறை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளத் தக்கதன்று. குறித்த ஆண்டுகளுக்குப் பதிவுசெய்து பெறப்படுவது. 1998ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஐகான் என்னும் அமைப்பின் விதிப்படி, 'கொம்' என முடிவன போன்ற பொதுப் பெயர்களின் பதிவு முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னரும் ஒரு கிழமை முன்னரும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்புதல் வேண்டும். ('எல்கே' எனவும் 'இலங்கை' எனவும் முடியும் பெயர்களை இந்நாட்டுப் பதிவகம் தன் விதிப்படி ஆளும்.) அந்நினைவூட்டல் பதிவிற் கண்ட மின்னஞ்சலுக்கே செல்லும். வாடிக்கையாளரின் தளத்துக்குத் தம் மின்னஞ்சலையே வடிவமைப்பாளர் கொடுத்திருப்பாராயின், அம்மடல் எவரும் திறவாத பெட்டியில் வீழ்ந்து கிடக்கும். பெயர் நீக்கப்பட்ட பின்னும் மீட்டுக்கொள்ளுதற்கு 30 நாள் தவணை உண்டு. அதற்குக் கட்டணம் மிகுதி. அத்தவணையும் கழியுமாயின் அப்பெயரை உலகில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். இதனிடையே தளத்தைத் தாங்கும் வழங்கிக்குரிய மாத வாடகை நிலுவையாகும். பாதிப் பணம் கொடுத்த வாடிக்கையாளர் மறுமொழி காணாது சினங்கொள்வார். வங்கியிற் பணம் இருந்தும் வீட்டார் அதனை எடுக்க இயலாது. இத்தொல்லைகளைத் தவிர்த்தற்குச் சட்டம் வழங்கும் பழைய கருவியே அற்றோணித் தத்துவம்.

'தத்துவம்' என்னும் சொல் மெய்ப்பொருள் நூலார் எண்ணும் தத்துவங்களை நினைவூட்டினும், இலங்கைச் சட்டத்தமிழில் அது அதிகாரம் என்றே பொருள்படும். ஒருவர் தமக்குரிய செயல்களைத் தம் பெயரால் மற்றொருவர் செய்தற்கு எழுத்து மூலம் அளிக்கும் அதிகாரம் அற்றோணித் தத்துவம் எனப்படும். அதனைப் பெறுபவர் தத்துவக்காரர். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இதனை இந்நாட்டில் ஒழுங்குபடுத்துகின்றது. வேலையொன்றை ஆற்றுதல், செயலொன்றைச் செய்தல் என்பவற்றோடு தொழிலையோ வாணிகத்தையோ நடத்துதலும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்கும். ஆகவே இணையத் தொழிலுக்கெனப் புதியதொரு சட்டம் வேண்டுவதின்று. இச்சட்டம் 2022ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டமையால், உறவினர் ஒருவரின் பழைய உறுதியைப் பார்த்துப் பெயரை மாற்றி எழுதுவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, பிரசித்த நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு இன்றைய விதிப்படி எழுதுவித்து, சாட்சிகள் முன் ஒப்பமிட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.

தொலைவிலுள்ளவருக்காகத் தொழில் நடத்துதல் தமிழர்க்குப் புதியதன்று. செட்டிநாட்டில் இருந்த முதலாளிகளுக்காகக் கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் முகவர்கள் தத்துவம் பெற்று, முதலாளியின் விலாசத்தாலே கொடுக்கல் வாங்கல் நடத்தினர். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஒருவர் ஊர் திரும்ப, மற்றொருவர் அதே பேரேட்டின் அடுத்த பக்கத்திலிருந்து தொடங்குவார். அவ்வொழுங்கின் வலிமை உறுதியில் மாத்திரம் இருந்ததன்று. அடுத்து வருபவர் படித்தறியத்தக்கவாறு கணக்கு எழுதப்பட்டிருந்ததிலும் இருந்தது. இக்காலத்துத் தனித்தொழிலார் பலரிடம் காணப்படாதது இவ்விரண்டாவதே.

இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் ஒல்லாந்துச் சட்டமாயினும், முதல்வர்-முகவர் தொடர்பில் இங்கு ஆட்சி செய்வது ஆங்கிலச் சட்டமே. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம், வங்கி, பங்காண்மை முதலியவற்றோடு இதனையும், இந்நாட்டுச் சட்டமொன்று வேறுவகையாக விதித்தாலன்றி, இங்கிலாந்தில் அக்காலத்து வழங்கும் சட்டப்படியே தீர்த்தல் வேண்டும் என வகுத்தது. ஆதலின் இலண்டன் நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புக்கள் யாழ்ப்பாணத்து வடிவமைப்பாளரின் உறுதியையும் தொடுகின்றன.

அத்தீர்ப்புக்களுட் கருதத்தக்க ஒன்று, உறுதியின் சொற்களை நீதிமன்றம் இறுக்கமாகவே பொருள்கொள்ளும் என்பது. 1893ஆம் ஆண்டில், கனடாவின் கியூபெக்கிலிருந்து சென்ற பிரையன்ற் பவிஸ் வழக்கில், தத்துவக்காரர் நிறுவனத்தின் பெயராற் கடன் பெற்றார். அவருக்குப் பலவகை அதிகாரங்கள் அளிக்கப்பட்டிருந்தும், கடன் பெறும் அதிகாரம் அவற்றால் வெளிப்படையாகவோ இன்றியமையாத விளைவாகவோ அளிக்கப்படவில்லை எனப் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. 'என் தொழிலை நடத்துக' என்னும் ஒரு வரியே எல்லாவற்றையும் தரும் என நம்புவோர் இவ்வழக்கை நினைத்தல் நன்று. வடிவமைப்புத் தொழிலுக்கு எழுதப்படும் உறுதியில், இணையப் பெயர்களைப் பதிவுசெய்யவும் புதுப்பிக்கவும் உரியவர்க்கு மாற்றிக்கொடுக்கவும், வழங்கி நிறுவனங்களோடு ஒப்பந்தஞ் செய்யவும் முடிக்கவும், வாடிக்கையாளரிடம் பணங் கோரவும் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும், குறித்த வங்கிக் கணக்கை இயக்கவும், எஞ்சிய வேலையைச் செய்துமுடிக்க வேறொரு வடிவமைப்பாளரை அமர்த்தவும், ஆக்கங்களின் பதிப்புரிமையை மாற்றும் பத்திரங்களில் ஒப்பமிடவும், வரி அலுவலகத்தோடு கடிதத் தொடர்பு கொள்ளவும் தனித்தனியே அதிகாரம் எழுதப்படல் வேண்டும். மின்னஞ்சற் பெட்டியைத் திறந்து படிக்கும் அதிகாரத்தையும் சொல்லாற் குறித்தல் இன்றியமையாதது. வேறொருவரை அமர்த்துதல் பற்றி எழுதாதுவிடின் இடர் நேரும். தமக்களிக்கப்பட்ட அதிகாரத்தை முகவர் பிறர்க்கு அளித்தல் ஆகாது என்பதே பொது விதி. மனைவிக்குத் தத்துவம் கொடுத்து, தளத்தைத் திருத்த அவர் எவரையும் அழைக்க இயலாதவாறு விட்டுவிடுவதாற் பயன் யாது?

இவையெல்லாம் எழுதுகோலாற் சீர்செய்யத்தக்கவை. எழுதுகோலுக்கு அடங்காத குறையொன்று உண்டு. முகவரின் அதிகாரம் முதல்வரின் உள்ளத்திலிருந்து ஊறுவது என்பது பழைய சட்டத்தின் கொள்கை. முதல்வர் எதனைத் தாமே செய்ய இயலுமோ அதனையே முகவரும் செய்யலாம். எனவே முதல்வர் அறிவு தடுமாறித் தம் காரியத்தைத் தாம் உணரமாட்டா நிலை எய்துவாராயின், அவர் அளித்த தத்துவமும் அந்நொடியே அற்றுப்போகும். காலொடிந்து கிடப்பவருக்கும் கடல் கடந்து சென்றவருக்கும் துணைநிற்கும் உறுதி, மூளையில் இரத்தப்பெருக்குற்று நினைவிழந்தவருக்குத் துணைநில்லாது. எவ்வேளையில் வீட்டார் உறுதியைப் பெட்டியிலிருந்து எடுக்க விரைவரோ, அவ்வேளையிலேயே அது வெறுந் தாளாகின்றது. இதனை அறியாது ஒப்பமிட்டவரே பலர்.

இருவேறு வழக்குகள் இவ்விடத்து நோக்கத்தக்கன. 1879இல் தீர்க்கப்பட்ட துறூ எதிர் நன் என்னும் வழக்கில், கணவர் ஒருவர் தம் பெயராற் பொருள் வாங்கும் அதிகாரத்தை மனைவிக்கு அளித்திருந்தார். பின்னர் அவர் சித்தம் பேதலித்தது. அதனை அறியாத வணிகர் ஒருவர் மனைவியாருக்குக் கடனுக்குப் பொருள் வழங்கினார். கணவர் குணமடைந்தபின் பணந்தர மறுத்தார். மனைவியின் அதிகாரம் சித்தப்பிரமையால் முடிந்ததெனினும், அவரை அதிகாரமுடையவராக உலகறியக் காட்டிய கணவர், செய்தி அறியாத வணிகருக்குக் கடன்பட்டவரே என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மற்றது 1910ஆம் ஆண்டு அறிக்கைகளில் வெளிவந்த யங் எதிர் ரோயின்பி வழக்கு. கட்சிக்காரர் அறிவு பேதலித்தமையை அறியாத வழக்கறிஞர்கள் அவருக்காகத் தொடர்ந்து வழக்காடினர். இல்லாத அதிகாரத்தை உளதெனக் காட்டினர் என்னும் காரணத்தால், எதிர்க்கட்சியின் செலவை அவர்களே தம் கைப்பணத்திலிருந்து கொடுக்குமாறு நேர்ந்தது. நன்னம்பிக்கை அவர்களைக் காக்கவில்லை. முதல் வழக்கு வெளியாரைக் காப்பது. இரண்டாவது, தத்துவக்காரர் நடுங்கத்தக்கது. நினைவிழந்த கணவரின் வாடிக்கையாளரோடு மனைவியார் ஒப்பந்தஞ் செய்வாராயின், அவ்வொப்பந்தத்தின் சுமை அவர் தலையிலேயே வந்து விழலாம்.

மேலைநாடுகள் இக்குறையைச் சட்டத்தாலே நீக்கின. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலம் 1954ஆம் ஆண்டிலேயே, அறிவிழப்பின் பின்னும் நிலைக்கும் தத்துவத்தை ஏற்றது. இங்கிலாந்து 1985இல் நிலைக்கும் தத்துவத்துக்கு ஒரு சட்டமியற்றி, பின்னர் 2005ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டத்தால் அதனைத் திருத்தியமைத்தது. 2007 ஒக்டோபர் 1 முதல் அங்கு எழுதப்படும் நீடுநிலைத் தத்துவம், கொடுப்பவர் பொருளறிந்தே கொடுக்கின்றார் என ஒருவர் சான்றளித்த பின்னரே செல்லும். அரசின் பாதுகாவலர் அலுவலகத்திற் பதிந்த பின்னரே பயன்படும். பதிவும் கண்காணிப்பும் சேர்ந்தே அதற்கு உயிர். அத்தகைய அலுவலகம் இலங்கையில் இல்லை. 1852ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கில நெறியை இங்குக் கொணரலாமேயன்றி அலுவலகத்தைக் கொணராது. இந்தியாவிலும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, முதல்வரின் சித்தம் கெடுமிடத்து முகவாண்மை முடிவுறும். நினைவிழந்தவரின் ஆதனத்தை ஆளுதற்கு இங்குள்ள வழி, மாவட்ட நீதிமன்றத்தை நாடி முகாமையாளர் ஒருவரை நியமிப்பித்தலாம். வயலுக்கும் வளவுக்கும் அவ்வழி பொருந்தலாம். 30 நாளில் இழக்கப்படும் இணையப் பெயருக்கு அது மிகத் தாமதமானது.

சட்டத்தின் வாயில் இவ்வாறிருக்க, இயந்திரத்தின் வாயில் இன்னும் கடியது. வங்கி முகாமையாளர் உறுதியைப் படித்துப் பார்ப்பார், கணினி படிக்காது. அது கேட்பது கடவுச்சொல்லையும், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையுமே. சேவை வழங்கும் நிறுவனங்கள் பல, கணக்கைப் பிறரிடம் ஒப்படைத்தலைத் தம் நிபந்தனைகளால் தடுக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டில் வரையப்பட்டுப் பெரும்பாலான மாநிலங்களால் ஏற்கப்பட்ட மாதிரிச் சட்டமொன்று, உறுதியில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தாலன்றித் தத்துவக்காரருக்கு மின்மடல்களின் உள்ளடக்கத்தைக் காட்டுதல் வேண்டியதில்லை என்கின்றது. இங்கோ 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிக் கணினியுட் புகுதலைக் குற்றமாக்கியுள்ளது. கணவரின் கணக்கினுள் மனைவியார் நுழைதற்கு ஆதாரமாவது உறுதியே. உறுதி அற்றுப்போயின் அவ்வாதாரமும் இல்லை. இன்னுமொரு விந்தை: மின்னியற் பத்திரங்களுக்கு வலுவளித்த 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியற் கொடுக்கல்வாங்கற் சட்டம், நிறைவேறியபோதே அற்றோணித் தத்துவத்தைத் தன் ஆட்சிக்குப் புறம்பாக்கியது. வாழ்நாள் முழுதும் தாள் தொடாது தொழில் செய்தவரும் இவ்வொன்றுக்காக மையூறிய பேனாவைத் தேடிச் செல்லல் வேண்டும்.

கடவுச்சொற்களை உறுதியிலேயே எழுதிவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். ஆகாது. உறுதி வங்கிக்கும் பதிவகத்துக்கும் பலர் கைக்கும் செல்வது, படிகள் எடுக்கப்படுவது. கடவுச்சொல்லோ அடிக்கடி மாறுவது. உறுதி அதிகாரத்தைத் தருக. திறவுகோல்கள் வேறோரிடத்தில் இருக்க. எந்தப் பெயர் எந்நிறுவனத்திற் பதியப்பட்டது, எந்நாளில் முடிவது, எவ்வட்டையாற் பணம் செலுத்தப்படுவது, எவ்வாடிக்கையாளர் எவ்வளவு கொடுத்தார், எவ்வேலை எஞ்சியுள்ளது என்பவற்றை ஓர் ஏட்டில் எழுதி மூன்று மாதத்துக்கொருமுறை திருத்துதலும், கடவுச்சொற்களைக் காப்பு மென்பொருள் ஒன்றில் இட்டு அதன் முதன்மைத் திறவுகோலை முத்திரையிட்ட உறையில் வைத்தலும் தகும். ஒருமுறைக் குறியீடு செல்லாதவிடத்துப் பயன்படும் மாற்றுக் குறியீடுகளை அவ்வுறையிற் சேர்த்தல் பலர் மறப்பது. கூகிள் நிறுவனம் 2013ஆம் ஆண்டு முதல், கணக்கு நெடுநாள் இயங்காதவிடத்து முன்பே குறிக்கப்பட்டவருக்கு அதன் உள்ளடக்கத்தை வழங்க வகைசெய்துள்ளது. இத்தகைய ஏற்பாட்டைச் சேவைக்குள்ளேயே செய்துவைப்பவருக்கு நிறுவனத்தோடு வாதிடும் வேலை குறையும்.

அறிவிழப்பால் நேரும் பிளவை நிரப்புதற்கு முகவாண்மைக்குப் புறத்தே செல்லுதல் வேண்டும். மிக எளியது, வாடிக்கையாளரின் பெயரைத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளரின் மின்னஞ்சலிலும் அவர் உரிமையிலும் பதிதல். அப்பொழுது வடிவமைப்பாளர் நினைவிழப்பினும் அவருக்கு உரிமை குறையாது. நினைவூட்டலும் அவருக்கே செல்லும். பெயரைத் தம் பிடியில் வைத்திருத்தல் வாடிக்கையாளர் பிரிந்து செல்லாமைக்குக் காப்பு என எண்ணும் வடிவமைப்பாளரும் உளர். அது பிறர் காணியின் உறுதியைத் தம் பெட்டியிற் பூட்டிவைப்பதற்கு ஒப்பாகும், தொழிலறத்துக்கு ஏலாது. மற்றொரு வழி கம்பனி அமைத்தல். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே பங்காளரைக் கொண்டும் கம்பனி அமைக்கலாம். கம்பனி தனக்கெனத் தனியாள் தன்மை உடையது. அதற்கு அறிவு பேதலிப்பதில்லை. இரண்டாம் பணிப்பாளர் ஒருவர் இருப்பின், முதல்வர் நினைவிழந்தாலும் ஒப்பமிடும் கை அறாது. ஆண்டறிக்கையும் செயலாளர் கட்டணமும் கம்பனிக்கு உண்டாதலின், ஒருசில தளங்களை மாத்திரம் பேணுபவருக்கு இச்செலவு மிகையே. பத்து இருபது வாடிக்கையாளரின் வாணிகம் தம் கையில் தங்கியிருப்பவர் அச்செலவை அஞ்சலாகாது.

தத்துவக்காரராக எவரைத் தெரிவது என்பதில் அன்பும் திறனும் மாறுபடுகின்றன. வீட்டார் நம்பத்தக்கவர், தொழில் அறியார். தொழில் அறிந்த நண்பர் நாளை போட்டியாளராகலாம். வாடிக்கையாளரின் பட்டியலைக் கண்டவர் அதனை மறவார். பணத்துக்கும் வங்கிக்கும் வீட்டார் ஒருவரையும், தளங்களின் பேணலுக்கு மட்டும் தொழில் நண்பர் ஒருவரையும் தனித்தனி உறுதிகளால் அமர்த்துதல் இரண்டிற்கும் நடுவழி. ஒரே உறுதியில் இருவரைக் குறிப்பதாயின், இருவரும் சேர்ந்தே செயற்படல் வேண்டுமோ தனித்தும் செயற்படலாமோ என்பது ஐயமற எழுதப்படல் வேண்டும். சேர்ந்தே எனின், ஒருவர் இறப்பினும் விலகினும் மற்றவர் கை கட்டுண்ணும்.

தத்துவத்தை அளித்தவர் அறிவுள்ளவரை அதனை மீளப்பெறலாம். எனினும் தாளைக் கிழித்துப்போடுதல் மீட்பாகாது. துறூ வழக்கு காட்டுமாறு, அறியாத வெளியாருக்குப் பழைய முகவர் இன்னும் முகவரே. ஆதலின் மீட்புப் பத்திரத்தை எழுதிப் பதிவுசெய்து, தத்துவக்காரருக்கும் வங்கிக்கும் வழங்கி நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்; அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுதலும் வேண்டும். இறப்போடும் தத்துவம் முடிவுறும். அதன்பின் அதிகாரம் மரணசாதனத்தில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கே உரியது. முத்திரையிட்ட உறையும் ஏடும் எவரிடம் சேர்தல் வேண்டும் என்பதனை அச்சாதனத்திலும் ஒரு வரி எழுதிவைக்கலாம்.